லெதர் தையல் மெஷின் இறுகிப்போச்சா? வீலை முறுக்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது என்னென்ன? முழு விளக்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... தோல் தொழிலை நம்பி வாழும் இந்த ஊர்களில் ஷூ மேல்பாகம், பெல்ட், பர்ஸ், பை என ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர்கள் ஏராளம். இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பீஸ் கணக்குதான். மெஷின் ஓடினால் வருமானம், நின்றால் அன்றைக்கு ஒன்றுமில்லை.

அப்படிப்பட்ட மெஷின் ஒருநாள் காலையில் திடீரென இறுகிப்போய், கையால் சுற்றினாலும் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தால்? பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. பலத்தைக் கூட்டி வீலை முறுக்குவார்கள். இல்லையென்றால், "அவ்ளோதான், மெஷின் போச்சு" என்று பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

காரணம், இறுகிப்போன மெஷின்களில் பல உண்மையில் உடைந்த மெஷின்களே இல்லை. காய்ந்த எண்ணெய், சிக்கிய நூல், தவறாக இறுக்கிய ஒரு ஸ்க்ரூ ஆகியவைதான் அடிக்கடி கிடைக்கும் காரணங்கள். எங்கே இறுகியிருக்கிறது என்று வரிசையாகத் தேடினால் பல நேரங்களில் ஒரு பாட்டில் மெஷின் ஆயிலோடு வேலை முடிந்துவிடும். எப்படித் தேடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

எவை ஹெவி டியூட்டி மெஷின்கள்?

துணி தைக்கும் மெஷினில் அடியில் இருக்கும் பல் மட்டுமே துணியை நகர்த்தும். தோலுக்கு அது போதாது. மேல் அடுக்கு ஒரு பக்கமும் கீழ் அடுக்கு ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் தோலுக்கு 'வாக்கிங் ஃபுட்' மெஷின்கள் வந்தன. இவற்றில் ஊசி, உள் ஃபுட், அடிப்பல் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்தும். அந்த நேரத்தில் வெளி ஃபுட் மேலே எழும்பி, அடுத்த தையலுக்குக் கீழே இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ளும். ஜூகி டிஎன்யு-1541 இந்த வகையில் பரவலாகத் தெரிந்த மாடல்.

ஷூ மேல்பாகத்துக்கு நிற்கும் தூண் போன்ற போஸ்ட் பெட் மெஷின், பை மற்றும் பெல்ட்டுக்கு உருளைக் கை கொண்ட சிலிண்டர் ஆர்ம் மெஷின் என்று வடிவம் மாறும். ரிப்பேர் கடைகளில் இருக்கும் நீண்ட கை கொண்ட பழைய சிங்கர் 29கே இன்னொரு ரகம். அதில் அடிப்பல் கிடையாது, மேலே இருக்கும் ஃபுட்டே தோலை நகர்த்தும். அந்த ஃபுட்டை எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்ளலாம். பெயரில் உள்ள 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. அங்கே செய்த மெஷின்கள் இன்றும் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சரியாகப் பராமரித்தால் இந்த இரும்புக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வடிவம் எதுவானாலும் இறுக்கத்தைத் தேடும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் விதி: முறுக்காதீங்க!

மெஷின் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், உள்ளே ஒரு பொருள் இன்னொன்றின் மேல் மோதிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பலம் கொடுத்து வீலைத் திருப்பினால் ஊசி உடையும், ஊசித்தண்டு வளையும், ஹூக்கின் டைமிங் மாறும், சில மாடல்களில் கியர் பல்லே பெயர்ந்துவிடும். காசே செலவாகாத வேலை, இந்த ஒரு முறுக்கலில் பெரிய செலவாக மாறிவிடுகிறது. பெடலை மிதித்து மோட்டாரின் பலத்தால் இறுக்கத்தை உடைக்கப் பார்ப்பது இதைவிட மோசம்.

இன்னொரு முக்கியமான விஷயம், மின்சாரம். கிளட்ச் மோட்டாரின் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கனமான சக்கரம் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது பெடலில் கால் பட்டால் மெஷின் ஒரு சுற்று சுற்றிவிடும். விரல் ஊசிக்கு அடியில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெடலை ஒருமுறை மிதித்து மோட்டார் முழுவதுமாக நின்றதை உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஸ்டெப் 1: பெல்ட்டைக் கழற்றுங்கள்

இறுக்கம் மெஷினிலா, மோட்டாரிலா? இதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பெல்ட்டை வீலிலிருந்து கழற்றிவிட்டு, வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் வீலின் மேல் பகுதி தைப்பவரை நோக்கி வரும்படி சுற்ற வேண்டும்.

மெஷின் லேசாகச் சுற்றினால் பிரச்சினை மெஷினில் இல்லை. பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே போவதுதான் சரியான அளவு. மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

இதே நேரத்தில் பாபின் சுற்றும் பகுதியையும் பார்த்துவிடுங்கள். அது வீலையோ பெல்ட்டையோ எப்போதும் உரசிக்கொண்டே இருந்தால் மெஷின் கனமாகத்தான் சுற்றும். தள்ளிவிட்டால் அவ்வளவுதான், சரியாகிவிடும்.

பெல்ட் இல்லாமலும் மெஷின் இறுக்கமாகவே இருக்கிறது என்றால் அடுத்த ஸ்டெப்புக்குப் போக வேண்டும்.

ஸ்டெப் 2: சுற்று முழுக்க இறுக்கமா, ஒரே இடத்திலா?

வீலின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

• சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனமாக இருக்கிறது: எண்ணெய் காய்ந்து பிசின் ஆகியிருக்கலாம். அல்லது தண்டைத் தாங்கும் புஷ் வறண்டிருக்கலாம்.

• ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் கனமாகிறது: ஊசித்தண்டு வளைந்திருக்கலாம், பல் பிளேட்டில் உரசலாம், ஹூக்கில் நூல் சிக்கியிருக்கலாம்.

• ஓரிடத்தில் 'டக்' என்று முட்டி நிற்கிறது, திருப்பிச் சுற்றினால் மறுபக்கமும் அதே இடத்தில் முட்டுகிறது: இரும்பு மேல் இரும்பு மோதுகிறது. எண்ணெய் விட்டாச்சு, சரியாகிடும் என்று இதை விட்டுவிடக் கூடாது.

• காலியாகச் சுற்றினால் லேசு, தோலை வைத்தால்தான் நிற்கிறது: இது இறுக்கமே இல்லை. ஊசி, நூல், மோட்டார் சம்பந்தப்பட்டது. இதற்கான தீர்வு தனியாகக் கீழே உள்ளது.

ஸ்டெப் 3: ஊசி, பாபின், ஃபுட் - எல்லாவற்றையும் எடுங்கள்

மேல் நூல், ஊசி, பாபின், பாபின் கேஸ், ஃபுட், பிளேட் என்று வரிசையாகக் கழற்றி ஒரு தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றை எடுத்த பிறகும் வீலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எதை எடுத்ததும் மெஷின் லேசாகிறதோ, அங்கேதான் கோளாறு. ஊசியை எடுத்ததும் சரியானால், ஊசி வளைந்து ஹூக்கில் மோதியிருக்கிறது. பிளேட்டை எடுத்ததும் சரியானால், பல் பிளேட்டில் உரசியிருக்கிறது. உரசிய இடத்தில் இரும்பு பளபளவென்று மின்னும்.

அடுத்து ஹூக். பாபினைச் சுற்றி ஓடும் இந்தப் பகுதியில்தான் நூல் அதிகமாகச் சிக்கும். தோலுக்குப் பயன்படும் நைலான், பாலியஸ்டர் நூல் தடிமனானது, லேசில் அறுகாது. ஒரு சின்னத் துண்டு ஹூக்கின் பள்ளத்துக்குள் போய்விட்டால் போதும், ஆப்பு அடித்தது போல மெஷின் நின்றுவிடும். வெளியே நூல் தெரியாமலும் இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். ஹூக் பள்ளத்தில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, வீலை முன்னும் பின்னுமாக லேசாக ஆட்டினால் நூலின் நுனி வெளியே வரும். இடுக்கியால் இழுத்து எடுக்கலாம். ஹூக்கின் கூர்முனையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. அதில் சின்னக் கீறல் விழுந்தாலும் பிறகு ஒவ்வொரு தையலிலும் நூல் பிரியும், அறும்.

தோலை ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனும் ஒரு வில்லன்தான். பசை காய்வதற்கு முன்பே தைத்தால், ஊசி அதை இழுத்துக்கொண்டு போய் ஹூக்கில் பூசிவிடும். தோல் தூசியும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பு மாதிரி ஆகிவிடும்.

ஸ்டெப் 4: தையல் நீளத்தை பூஜ்ஜியத்தில் வையுங்கள்

எளிமையான, ஆனால் பலர் மறந்துவிடும் சோதனை இது. தையல் நீளத்தை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் பல் முன்னும் பின்னும் நகராது. அப்படி வைத்ததும் மெஷின் லேசாகச் சுற்றினால், நகர்த்தும் பாகங்களின் இணைப்புகளில்தான் இறுக்கம். மெஷினைச் சாய்த்து, அடியில் உள்ள அந்த இணைப்புகள் ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட வேண்டும்.

வாக்கிங் ஃபுட் மெஷினில் ஃபுட் எழும்பும் உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு உயரம் அதிகமாக வைத்திருந்தால் தேவையில்லாத பளு. குறைத்து வைத்ததும் மெஷின் லேசாவது தெரியும்.

ஸ்டெப் 5: தலைப்பகுதியைத் தனியாகப் பிரிக்கலாம்

இதுவரை பிடிபடவில்லையா? அடுத்து ஊசித்தண்டு. முகப்பு மூடியைத் திறந்தால் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஸ்க்ரூ தெரியும். அதைத் தளர்த்துவதற்கு முன், தண்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வது கட்டாயம். இந்தக் கோடு இல்லாமல் தளர்த்தினால் ஊசியின் உயரம் மாறி, தையலே விழாது.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்டைக் கையால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகரவென்று தடுத்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது துருவும் காய்ந்த எண்ணெயும் பிடித்திருக்கிறது. தண்டு வழுக்குகிறது, வீல் மட்டும் இன்னும் கனமாக இருக்கிறது என்றால் இறுக்கம் மேல் தண்டிலோ, கீழ் தண்டிலோ இருக்கிறது என்று அர்த்தம்.

சமீபத்தில் யாராவது கழற்றி மாட்டிய மெஷினா? அப்படியென்றால் தண்டின் மேல் இருக்கும் காலர்களைப் பாருங்கள். தண்டு பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, புஷ்ஷை ஒட்டி இந்தக் காலரை ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதைப் புஷ்ஷோடு அழுத்தி இறுக்கிவிட்டால் பிரேக் பிடித்தது போல மெஷின் கனக்கும். ஒரு தாள் நுழையும் அளவுக்குக்கூடத் தேவையில்லை, மயிரிழை இடைவெளி விட்டாலே போதும்.

காய்ந்த எண்ணெயை எடுப்பது எப்படி?

பல மாதங்கள் ஓடாமல் கிடந்த மெஷின் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவற்றை அவசரத்துக்கு விட்ட மெஷின்களில் நிலைமை இன்னும் மோசம். சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பிசினாகும். தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் மெஷின் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இதுதான்:

• எல்லா எண்ணெய்த் துளைகளிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விடுங்கள். ரப்பர் பெல்ட், மோட்டார் மீது படக் கூடாது.

• ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, வீலைக் கையால் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். நகரும் அளவுக்கு மட்டும் ஆட்டினால் போதும். ரொம்பப் பழைய மெஷின் என்றால் இரண்டு மூன்று நாள் இதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

• புஷ் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் அழுக்கு கசியும். அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். கசிவது சுத்தமாகும் வரை தொடர வேண்டும்.

• அதன் பிறகு மறக்காமல் மெஷின் ஆயில். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் வழுக்கலைத் தராது. அதோடு விட்டுவிட்டு ஓட்டினால் இரும்பும் இரும்பும் தேய்ந்துவிடும்.

மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். ஜன்னலைத் திறந்துவைத்து, பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

மண்ணெண்ணெய்க்கும் அசையாத பகுதியை ஹேர் டிரையரால் சூடாக்கலாம். மண்ணெண்ணெய் விடுவதற்கு முன்போ, முழுக்க உலர்ந்த பிறகோதான் இதைச் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யவே கூடாது.

எந்த எண்ணெய் விடலாம்?

நிறமில்லாத, மெல்லிய தையல் மெஷின் ஆயில்தான் சரி. என்ஜின் ஆயில் கெட்டியானது, தோலில் கறையும் படியும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேக்கள் துருவையும் அழுக்கையும் தளர்த்த உதவும். அவற்றையே நிரந்தர எண்ணெயாக நினைத்து விட்டுவிடக் கூடாது. கியர் இருக்கும் மாடல்களில் கியருக்கு மட்டும் கிரீஸ்.

பல மெஷின்களில் எண்ணெயை உள்ளே கொண்டுபோக பருத்தித் திரிகள் இருக்கும். அவை காய்ந்து கட்டையாகியிருந்தால், மேலே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே இறங்காது. திரியை மாற்றலாம், இல்லையென்றால் எண்ணெயில் நன்றாக ஊறவைக்கலாம்.

வீல் சுத்துது... ஹூக் சுத்தல! என்ன பண்றது?

ஊசி மேலும் கீழும் போகிறது, ஆனால் ஹூக் அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஜூகி டிஎன்யு-1541எஸ் போன்ற சில மாடல்களில் சேஃப்டி கிளட்ச் இருக்கிறது. ஹூக்கில் ஏதாவது சிக்கினால் இது தானாகவே விடுபட்டு, ஹூக் உடையாமல் காப்பாற்றும். முதலில் சிக்கிய நூலை எடுக்க வேண்டும். பிறகு கிளட்ச்சை விடுவிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீலைத் திருப்பினால், 'கிளிக்' என்ற சத்தத்தோடு மீண்டும் பொருந்திக்கொள்ளும். பட்டன் இருக்கும் இடமும் திருப்ப வேண்டிய திசையும் மாடலுக்கு மாடல் மாறும். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் செய்வதே நல்லது.

காலியா ஓடுது, தோல் வச்சா நிக்குது... ஏன்?

ஊசி முதல் சந்தேகம். 138 நம்பர் நூலுக்கு 22 சைஸ் ஊசி, 69 நம்பர் நூலுக்கு 18 சைஸ் ஊசி என்பது பொதுவான பொருத்தம். தடித்த நூலுக்குச் சின்ன ஊசி போட்டால் துளைக்குள் நூல் இறுகும். முனை மழுங்கிய ஊசியும் தோலைக் குத்தத் திணறும். தோலுக்கென்றே வெட்டுமுனை கொண்ட ஊசிகள் கிடைக்கின்றன. அவற்றை மாட்டிப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் மோட்டார். மெதுவாகத் தைக்கும்போது சில சர்வோ மோட்டார்களுக்குக் குத்தும் பலம் குறைவாக இருக்கும். மோட்டாரில் சின்ன புல்லி மாட்டினாலோ, இடையில் வேகம் குறைக்கும் புல்லி ஒன்றைச் சேர்த்தாலோ வேகம் குறையும், பலம் கூடும்.

மெக்கானிக்கை எப்போது கூப்பிட வேண்டும்?

கியர் பல் உடைந்தது, தண்டு வளைந்தது, புஷ் தேய்ந்து ஆடுவது, ஹூக் டைமிங் மாறியது - இந்த நான்கும் பழகியவர் கையில் இருப்பதே நல்லது. டைமிங்கைச் சோதித்துப் பார்ப்பது மட்டும் யாருக்கும் முடியும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மேலே ஏறும் நேரத்தில் ஹூக்கின் முனை ஊசியின் பின்னால், கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். துல்லியமான அளவு மாடலுக்கேற்ப மாறும். ரொம்ப முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் டைமிங் மாறிவிட்டது.

மெக்கானிக் வரும்போது, "பெல்ட் இல்லாமலும் இறுக்கமா இருக்கு, ஊசியை எடுத்தா லேசாகுது" என்று சொல்ல முடிந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். அந்த நேரமும் கூலியும் மெஷின் வைத்திருப்பவருக்கு மிச்சம். மேலே சொன்ன ஸ்டெப்களில் எதுவரை பார்த்தாச்சு என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் இறுகாமல் இருக்க...

• தினமும் வேலை முடிந்ததும் ஹூக்கைச் சுற்றிப் பிரஷ்ஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். தினமும் முழு நேரம் ஓடும் மெஷினுக்கு எல்லாத் துளைகளிலும் தினம் ஒருமுறை எண்ணெய் தேவை.

• வாரம் ஒருமுறை பிளேட்டைக் கழற்றி, பல்லுக்கு இடையில் இருக்கும் தூசியை எடுக்க வேண்டும்.

• தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் விரலால் பிடித்துக்கொண்டு முதல் சில தையலைப் போட்டால், ஹூக்கில் நூல் சிக்குவது வெகுவாகக் குறையும்.

• மழைக்காலத்தில் வேலை இல்லாமல் மூடிவைத்தாலும், வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு வீலைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைகள் உதவும். பெல்ட்டைக் கழற்றி வீலைச் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுக்க ஒரே சீரான இறுக்கம் என்றால் அது பெரும்பாலும் எண்ணெய் விஷயம், விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். ஒரே இடத்தில் முட்டுகிறது, தண்டைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது என்றால் யோசித்துதான் கை வைக்க வேண்டும். விற்கப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். எடைக்குப் போடுவதற்கு முன் இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டுப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.